நூற்று எண்பத்தாறு ரூபாய்ச் சபதம்

அல்சூர் மார்க்கெட் தெருவில் இருந்த ஸ்ரீகாரா பஜாரின் பின்புறக் கிடங்கில் ஒரு கரும்பலகை உண்டு. காலை எட்டரைக்குக் கடை திறக்கும் முன், பில் கவுண்டர்களின் பொறுப்பாளரான தனலக்ஷ்மி அன்றைய காய்கறி விலையை அதில் எழுதுவாள். தக்காளி 28, வெங்காயம் 34, பீன்ஸ் 60, நூக்கல் 42. அவற்றின் கீழே, கோடு ஒன்றும் கிழிக்காமல், இன்னொரு காயைப் போலவே மற்றொரு வரி இருக்கும்: நாம 174.

புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அது என்ன காய் என்று கேட்டு அசடு வழிவது வழக்கம். காய் அன்று. ஸ்ரீகாரா கம்பெனியின் பங்கு விலை அது.

அந்தப் பங்கு அவர்கள் கைக்கு வந்த விதத்தை நினைத்தால் தனலக்ஷ்மிக்கு இன்றும் காது மடல் சூடாகும். நான்கு ஆண்டுத் தீபாவளி போனஸையும் நிலுவையிலிருந்த சம்பள உயர்வையும் கம்பெனி கொடுக்கவில்லை. ஐந்தாம் ஆண்டு, கல்யாண மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்து எல்லோரையும் உட்கார வைத்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர், திரையில் மேலே மேலே ஏறும் கோடு ஒன்றைக் காட்டி, "இன்று முதல் நீங்கள் தொழிலாளிகள் அல்லர், உரிமையாளர்கள்" என்றார். பங்கு ஒன்றுக்கு நூற்று எண்பத்தாறு ரூபாய் என்று கணக்கிட்டு, பணத்துக்குப் பதில் பங்காகவே தந்தார்கள். தனலக்ஷ்மிக்கு ஆயிரத்து ஐந்நூறு பங்கு, கூடவே ஆளுக்கு ஒரு மைசூர்பாகு. ஓராண்டுக்கு விற்கக் கூடாது என்பதைக் கைதட்டல் ஓய்ந்த பிறகு, மைக்கைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டு சொன்னார்கள்.

அந்த ஓராண்டு முடிந்த நாளில் பலகையில் எழுதியது: நாம 31.

அன்று கிடங்கில் சிலர் அழுதார்கள். கிடைத்ததை வாங்கிக்கொண்டு தொலையலாம் என்றார்கள் சிலர். தனலக்ஷ்மிதான் மறித்தாள். "நூத்தி எம்பத்தாறுன்னு சொல்லித்தானே நம்ம தலைல கட்டுனாங்க? நூத்தி எம்பத்தாறுக்குத்தான் திருப்பிக் குடுப்போம். ஒரு பைசா கொறயக் கூடாது. வித்தா எல்லாரும் ஒண்ணா விப்போம்."

வியாபாரிகள் தராசைத் தொட்டுச் சத்தியம் செய்தால் மீறமாட்டார்கள் என்பது மார்க்கெட் தெருவின் நம்பிக்கை. கடையில் இருந்ததோ மின்தராசு. ஆனால் என்ன? பதினேழு பேர் வரிசையாக வந்து அதன்மேல் கை வைத்தார்கள். தராசு ஒவ்வொரு கையையும் நிறுத்துக் காட்டியது. கிடங்குப் பொறுப்பாளன் தாஸின் கை ஒரு கிலோ நூற்றுப்பத்து கிராம். "எலும்போட சேத்தா, எலும்பில்லாமலா?" என்று பேக்கிங் பகுதி நோரா கேட்டதும், அழுதவர்களும் சிரித்துவிட்டார்கள்.

இரண்டு ஆண்டுகள் 'நாம' பூசணிக்காய் விலைக்கும் பீன்ஸ் விலைக்கும் நடுவே கிடந்தது. பிறகு ஏறத் தொடங்கியது. ஐம்பது, எழுபது, நூற்றுப்பத்து. காலையில் செருப்பைக் கழற்றுவதற்குள் "நாம இன்னிக்கு எவ்ளோ?" என்று கேட்காதவர் இல்லை. நூற்று அறுபத்தேழைத் தொட்ட அன்று தனலக்ஷ்மியின் வீட்டில் சண்டை வந்தது.

ஆஸ்டின் டவுனில் அவர்கள் இருப்பது லீஸ் வீடு. மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருக்கும் பெங்களூர் வழக்கம் அது. பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கும் வீடு. வீட்டுக்காரர் சுந்தரம் இம்முறை லீஸைப் புதுப்பிக்க இன்னும் இரண்டரை லட்சம் கேட்டிருந்தார். முப்பதாம் தேதிக்குள் தராவிட்டால், பழைய தொகையைத் திருப்பிக் கொடுத்து வேறு ஆளை வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அந்தப் பழைய தொகைக்கு இப்போது ஆஸ்டின் டவுனில் மாட்டுக் கொட்டகைகூடக் கிடைக்காது.

"அறுபத்தேழுக்கு வித்தா சரியா ரெண்டரை லட்சம் வருதே, வித்துடு" என்றார் கணவர் அசோகன். முப்பது ஆண்டு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"முடியாது. எம்பத்தாறு வரட்டும்."

"எறங்க வேண்டிய ஸ்டாப் வந்தாச்சு தனா. எவனாச்சும் டெர்மினஸ்லதான் எறங்குவேன்னு சீட்டைப் புடிச்சிட்டு ஒக்காருவானா?"

"டெர்மினஸ் வரைக்கும் டிக்கெட் வாங்கினவ நானு. நடுவுல எறக்கி விட்டா கண்டக்டரைக் கேக்கமாட்டேனா?"

அசோகன் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அவர் தோற்றதற்கு அடையாளம் அது.

நூற்று எண்பத்தொன்று ஆன புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் தாஸ் அவளைக் கிடங்குக் கதவின் பின்புறத்துக்குக் கூப்பிட்டான். கோலார் தங்க வயலிலிருந்து தினமும் விடியற்காலை ரயிலில் வருகிறவன் அவன். தனலக்ஷ்மியும் அந்த ஊரில் பிறந்தவள்தான். இருவர் வீட்டு ஆண்களும் ஒரே சுரங்கத்தில் இறங்கியவர்கள்.

"அக்கா, இதப் பாரு."

கதவின் பின்புறம் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தான். எங்காவது ஸ்ரீகாரா கடை மூடினால், அதன் சரக்கு அடுக்கும் இரும்பு ராக்குகளும் குளிர்ப் பெட்டிகளும் இந்தக் கிடங்குக்குத்தான் வரும். வந்த தேதியையும், அந்த வாரம் 'நாம' எவ்வளவு ஏறியது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்திருந்தான். மைசூர் கடை, பதினொன்று. தும்கூர் கடை, ஏழு. பசவனகுடி கடை, பதினாலு. ஹாசன், ஒன்பது. பட்டியல் கதவின் தாழ்ப்பாள் வரை இறங்கியிருந்தது.

"நாம தானா ஏறல அக்கா. ஒவ்வொரு கடையா இழுத்து மூடறான். மூடுனா செலவு கம்மி. செலவு கம்மின்னா ஷேர் வாங்கறவன் குஷியாயிடறான்."

"சும்மா இரு தாஸு. ராக்கு வந்ததுக்கும் ரேட்டுக்கும் முடிச்சுப் போடாத."

"நான் போடலயே. அதுவாத்தான் முடிஞ்சிருக்கு."

அவள் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தாள். தும்கூர் கடையில் கவுண்டர் பார்த்த பெண்ணுக்கு வேலை கற்றுக் கொடுத்தவளே அவள்தான். ஏழு ரூபாய் ஏறிய அந்த வாரம், ஏறிவிட்டதே என்று கிடங்கில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்ததும் நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்ணின் பெயர் தர்ஷினி. டீயின் ருசிகூட நாக்கில் வந்து நின்றது.

நீரற்ற பாழ்ங்கிணற்றில் விழுந்த நரி ஒன்றின் கதை உண்டு. விழுந்தது விழுந்தபடியே கிடந்து வானத்தைப் பார்த்து ஊளையிட்டது. ஒரு நாள் மேலிருந்து கொஞ்சம் மண் விழுந்தது. நரி உதறிவிட்டு அந்த மண்மேல் ஏறி நின்றது. மறுநாள் இன்னும் கொஞ்சம். நாளாக நாளாகக் கிணற்றின் அடி மேலே மேலே வந்தது. 'என் நல்ல காலம் என்னைத் தூக்குகிறது' என்று நரி வாலை ஆட்டியது. விழுந்த விளிம்புக்கு நேரே ஆலவேர் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வேரை எட்டினால்தான் வெளியே குதிப்பேன் என்று அது தனக்குத் தானே ஒரு சபதமும் செய்துகொண்டது. இன்னும் ஒரு முழம் இருக்கையில் தலை மட்டும் கிணற்றுக்கு வெளியே நீண்டது. அப்போதுதான் கண்டது: மண்வெட்டிக்காரர்கள் புதருக்குப் புதர் நரி வளைகளைத் தோண்டி, அந்த மண்ணைத்தான் கிணற்றில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த புதர் அதன் சொந்தப் புதர். அந்த நரி எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், காலடியில் இருக்கும் மண்ணை மிதிக்காமல் அதனால் வெளியே வரவும் முடியாது.

மறுநாள் வியாழக்கிழமை, இருபத்தாறாம் தேதி. பிற்பகல் இரண்டு மணிக்கு இரண்டு பேர் அளவு நாடாவோடு கடைக்குள் வந்தார்கள். பால் பொருள்கள் இருக்கும் குளிர்ப் பெட்டியை நீளவாட்டிலும் அகலவாட்டிலும் அளந்தார்கள். பிறகு ராக்குகளை எண்ணினார்கள். தாஸ் கவுண்டரைத் தாண்டிப் போனான். அவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான். மைசூர் ராக்குகளோடு லாரியில் வந்து இறங்கியவர்களும் அதே இருவர்தான்.

தனலக்ஷ்மி கவுண்டரைப் பூட்டிவிட்டு நேரே மேனேஜர் டேரிலின் அறைக்குப் போனாள். காக்ஸ் டவுன்காரன், முப்பத்திரண்டு வயது. அவளிடம் பில் போடக் கற்றுக்கொண்டுதான் மேனேஜர் ஆனவன்.

"டேரில், எதுக்கு அளக்கறாங்க?"

"ரெனவேஷன் மேடம்."

"என் மொகத்தப் பாத்து சொல்லு."

அவன் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "நான் ஒண்ணும் சொல்லல, ஓகேவா? ஆனா நீங்க ஏன் டென்ஷன் ஆகறீங்க? நீங்க ஷேர்ஹோல்டர். எம்ப்ளாயி மாதிரி யோசிக்காதீங்க, ஷேர்ஹோல்டர் மாதிரி யோசிங்க. ஒரு வாரம் பொறுத்தா உங்க எம்பத்தாறு என்ன, அதுக்கு மேலயே வரும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

உங்கள் நல்லதுக்கு! பத்தொன்பது ஆண்டு நின்று நின்று நரம்பு புடைத்த கால்களோடு அவள் அந்த அறையில் நின்றாள். உட்காரச் சொல்லவும் அவனுக்குத் தோன்றவில்லை. போனஸை விழுங்கியவர்கள், அதற்கு ஈடாகக் காகிதம் கொடுத்தவர்கள், அந்தக் காகிதத்துக்கு விலை ஏற்ற அவளையே அடுப்பில் விறகாக வைக்கிறார்கள். வைத்துவிட்டு, குளிருக்கு இதமாக இருக்கிறதா என்றும் கேட்கிறார்கள்.

"வேல போறவ எம்ப்ளாயி. கை தட்டறவ ஷேர்ஹோல்டர். ரெண்டு பேருக்கும் ஒரே வயிறுதான டேரில்? அதுல எந்தப் பாதிய நான் பட்டினி போடறது?"

"மேடம், ப்ளீஸ், கத்தாதீங்க. கஸ்டமர்ஸ் இருக்காங்க."

"கத்தல. இதுவரைக்கும் கத்தல."

கிடங்குக்கு வந்தாள். பதினேழு பேரில் அன்று வேலையில் இருந்தவர்கள் பதினான்கு பேர். கூப்பிட வேண்டிய தேவையே இருக்கவில்லை. அளவு நாடாவைப் பார்த்ததும் ஒவ்வொருவராக அங்கே வந்து நின்றிருந்தார்கள். மணி இரண்டு ஐம்பது. பங்குச் சந்தை மூன்றரைக்கு மூடும். பலகையில் காலை எழுதிய 181 அப்படியே இருந்தது.

"நம்ம கடையும் போகுது" என்றாள். "எம்பத்தாறுக்கு இன்னும் அஞ்சு ரூவா. அந்த அஞ்சு ரூவா நாமதான். நம்மள மூடுனாத்தான் அது வரும்."

அவள் தராசின் பக்கம் நடந்தாள். 

"சபதம் போட வெச்சவ நான். அத மொதல்ல மீறறவளும் நானே. இன்னிக்கே விக்கறேன்." மின்தராசின்மேல் கையை வைத்தாள். பச்சை எண்கள் மின்னின. "யாருக்கும் பாவம் ஒட்டாது. ஒட்டுனா எனக்கு ஒட்டட்டும்."

நோராதான் முதலில் வாய் திறந்தாள். "தனாக்கா, கோவிச்சுக்காதீங்க. கடைய எப்படியும் மூடத்தான் போறான். நம்ம வித்தா நிறுத்தப் போறானா? நான் ஒரு வாரம் பொறுத்துக்கறேன். என் அனுஷாவுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும். வர்ற காசு எதுக்கு வருதுன்னு கேட்டுட்டு வாங்கற நெலமைல நான் இல்ல."

அவள் சொன்னதில் தவறு என்ன இருந்தது? தனலக்ஷ்மி தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அதுவே அவளுடைய கோபத்தை இன்னும் கிளறியது.

"நீ பொறு நோரா. உன் மேல எனக்கென்ன கோவம்? உன்ன இப்படிப் பேச வெச்சவன் மேலதான்."

"அப்ப அக்கா ஏன் அஞ்சு ரூவாய விடறீங்க? ஏழாயிரத்தைந்நூறு ரூவா!"

இதற்குத் தாஸ் பதில் சொன்னான். அவன் பேசியது நோராவிடம், பார்த்தது தனலக்ஷ்மியை. "இவங்க அப்பா எங்க ஊர்ல இப்படித்தான். சுரங்கம் மூடறப்ப எல்லாரும் செட்டில்மென்ட் வாங்கிட்டாங்க. அவர் மட்டும் என் உழைப்புக்கு நான் சொன்ன ரேட்டு வந்தாத்தான் கையெழுத்துன்னாரு. சுரங்கம் மறுபடி தொறக்கும்னு தலைல மாட்டற விளக்கத் தொடச்சுத் தொடச்சு வெச்சாரு. தொறக்கல. ரேட்டும் வரல."

"தாஸு."

"இரு அக்கா, முடிச்சிடறேன். இத்தன நாளா நீயும் அந்த வெளக்கத்தான் தொடச்சிட்டு இருந்த. இன்னிக்குத்தான் கீழ வெக்கற. எனக்கும் வித்துக் குடு."

வேறொருவன் சொல்லியிருந்தால் அறைந்திருப்பாள். இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தாள். கிடங்குக்குள் சிக்னல் கிடைக்காது. தக்காளிக் கூடைகளைத் தாண்டி, சரக்கு இறக்கும் வாயிலுக்கு ஓடினார்கள். ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. விற்க ஒப்புதல் தரும் ஓடிபி எண் வரத் தாமதமானது. மூன்று பத்து. மூன்று பதினாறு. "ஓடிபி வந்துச்சா?", "வரல", "வெளிய வா, மேல தூக்கிப் புடி." தாஸ் கைப்பேசியைச் சாமிக்குக் கற்பூரம் காட்டுவதுபோல் உயர்த்திப் பிடித்தான். மூன்று இருபத்திரண்டுக்கு எண் வந்தது. கண்ணாடி இல்லாமல் அவளால் படிக்க முடியவில்லை. லாரி கிளீனர் படித்துச் சொன்னான்.

நூற்று எண்பது ரூபாய் தொண்ணூறு பைசாவுக்கு ஆயிரத்து ஐந்நூறு பங்கும் போயின. அடுத்த இரண்டு நிமிடத்தில் தாஸின் அறுநூறு. அவர்களோடு இன்னும் ஆறு பேர் விற்றார்கள். மற்றவர்கள் பொறுத்தார்கள். பதினேழு கைகள் பட்ட தராசு கிடங்கு மூலையில் பூச்சியம் காட்டியபடி இருந்தது.

மகிழ்ச்சி வரும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. தும்கூர் தர்ஷினியின் ஏழு ரூபாயும் மைசூர்க்காரர்களின் பதினொன்றும் அந்தத் தொகைக்குள்தான் இருந்தன. அவற்றைப் பிரித்தெடுத்துத் திருப்பிக் கொடுக்க எந்தச் செயலியிலும் பொத்தான் இல்லை. தன் கடையை மூடுவதால் ஏறப்போகும் ஐந்து ரூபாயை மட்டும் அவள் கம்பெனியிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை. சிறிய வெற்றி. அதையும் கம்பெனிக்காரர்கள் அறியவே போவதில்லை என்பது இன்னொரு எரிச்சல்.

சனிக்கிழமை மாலை எல்லோர் கைப்பேசிக்கும் ஒரே செய்தி வந்தது. அல்சூர் உள்ளிட்ட பன்னிரண்டு கடைகள் மூடப்படுகின்றன, உங்கள் சேவைக்கு நன்றி. திங்கள் காலை சந்தை திறந்ததும் 'நாம' இருநூற்று மூன்று. அன்றே சுந்தரத்தின் வீட்டு வாசலில், முத்திரைத்தாளில் தனலக்ஷ்மி கையெழுத்திட்டாள். அசோகன் பக்கத்தில் நின்று வாய் திறக்கப் பார்த்தார்.

"இருநூத்தி மூணுன்னு சொன்னீங்கன்னா, இந்தப் பேனாவாலயே குத்துவேன்."

"நான் எங்க சொன்னேன்? ஸ்டாப்ல எறங்கினதுக்கு தேங்க்ஸ்னு சொல்ல வந்தேன்."

நோரா இருநூற்றொன்றுக்கு விற்றாள். ஒரு பெட்டி பேடா வாங்கி வந்து, யார் முன் நீட்டுவது என்று தெரியாமல் பில் இயந்திரத்தின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். தனலக்ஷ்மி ஒன்றை எடுத்துத் தின்றாள். நோரா பார்க்கும்படி தின்றாள்.

கடையின் கடைசி நாளில் பாதி விலைக்குக் கூட்டம் நெரிந்தது. மாலை ஆறு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கழற்றும் வேலைக்காரர்கள் உள்ளே நுழைந்தார்கள். ராக்குகள் போயின, குளிர்ப் பெட்டி போயிற்று, தராசு போயிற்று. ஓர் இளைஞன் கரும்பலகையை ஆணியிலிருந்து எடுத்தான். சாமான்கள் யாவும் தலைமை அலுவலகத்தின் கிடங்குக்குப் போகின்றனவாம். ஈரத் துணியை எடுத்தவன், கடைசி வரியைப் பார்த்து நின்றான். விற்ற நாளிலிருந்து அதற்கு நேரே யாரும் விலை எழுதவில்லை. அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரிந்திருந்தது. பேசக் கன்னடம்தான் வந்தது.

"அக்கா, இது யாவ தரகாரி?"

இது என்ன காய்கறி என்கிறான். தாஸ் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். தனலக்ஷ்மி சிரிக்கவில்லை.

"தரகாரி அல்லப்பா. நாவே" என்றாள். காயில்லையப்பா, நாங்கள்தான்.

அவன் விளங்காமல் துணியை உயர்த்தினான். அவள் அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். தக்காளியைத் துடைத்தாள். வெங்காயத்தையும் பீன்ஸையும் நூக்கலையும் அழுத்தி, கரும்பலகை பளபளக்கும்படி துடைத்தாள். கடைசி வரிக்கு வந்ததும் துணியை அவன் தோளிலேயே போட்டாள்.

"இப்படியே எடுத்துட்டுப் போ. அங்க யாராச்சும் கேட்டா, அல்சூர்லருந்து வந்ததுன்னு சொல்லு."

அந்த ஒரே ஒரு சொல்லோடு பலகை லாரியில் ஏறியது. தனலக்ஷ்மி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆஸ்டின் டவுன் பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள். பின்னால் ஷட்டர் இறங்கும் ஓசை கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.